பழைய மதர்போர்டின் காலி ஸ்லாட்டுகள்: இன்னும் எதற்கு ஆகும்?

பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது தூசி. அடுத்தது, கூடுதல் கார்டுகளைச் செருகும் ஸ்லாட் வரிசை. மேலே பழுப்பு நிறத்தில் ஒன்று, அதற்குக் கீழே வெள்ளையாக மூன்று நான்கு, இன்னும் பழைய போர்டு என்றால் அடியில் நீளமான கறுப்பு ஸ்லாட் ஒன்றிரண்டு, ஓரத்தில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு. அதே வரிசையில் பெயர்கள்: ஏஜிபி, பிசிஐ, ஐஎஸ்ஏ, ஏஎம்ஆர். பெரும்பாலும் எல்லாம் காலியாகவே கிடக்கும். ஒன்றில் மட்டும் எப்போதோ செருகிய மோடம் கார்டு துருப்பிடித்த பிராக்கெட்டோடு நிற்கும்.

இவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: ஒரு யுஎஸ்பி கார்டு போடு, ஹார்ட் டிஸ்க் இணைக்க ஒரு சாட்டா கார்டு போடு, மெஷின் கொஞ்சம் புதுசாகிவிடும். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. வேகத்தில் புதிய மெஷினோடு போட்டிக்கு நிறுத்தினால் பழைய ஸ்லாட் தோற்கத்தான் செய்யும். ஆனால் புதிய மெஷின்கள் கைவிட்டுவிட்ட சில குணங்கள் அந்த ஸ்லாட்டில் அப்படியே இருக்கின்றன. அந்தக் குணங்கள் தேவைப்படும் வேலையைக் கொடுத்தால், இருபது வருஷத்துப் போர்டு இன்றைய லேப்டாப் திணறும் இடத்தில் சுலபமாக நிற்கும்.

முதலில் வேகக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1992-இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ, சாதாரண போர்டுகளில் 32 பிட் அகலத்தில் 33 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பெருக்கினால் விநாடிக்கு 133 எம்பி. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்த 133 எம்பியும் ஒரு ஸ்லாட்டுக்கு உரியதல்ல, போர்டில் உள்ள எல்லா பிசிஐ ஸ்லாட்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய மொத்தம். கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்று முழு வேகத்தில் ஓடினாலே 125 எம்பி கேட்கும். அதே பஸ்ஸில், அதாவது அந்தப் பொதுத் தரவுப் பாதையில், ஒரு சாட்டா கார்டும் இருந்தால் இரண்டும் ஒன்றின் வழியை ஒன்று மறிக்கும். இன்டெல் போர்டுகளில் 1999-இல் 810 சிப்செட் வருவதற்கு முன்பு நெருக்கடி இன்னும் அதிகம். டிஸ்க், யுஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கும் சவுத்பிரிட்ஜ் சிப்பே பிசிஐ பஸ்ஸில்தான் தொங்கியது, ஆகவே போர்டின் சொந்த ஐடிஇ இணைப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க்கும் அதே பாதையில்தான் வரவேண்டும். பிசிஐக்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸோ, அதன் முதல் தலைமுறையின் ஒற்றைப் பாதையிலேயே ஒவ்வொரு திசையிலும் 250 எம்பி கொடுத்தது, யாரோடும் பங்கு போடாமல்.

யுஎஸ்பி கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. விநாடிக்கு 12 மெகாபிட் மட்டுமே தரும் யுஎஸ்பி 1.1 போர்டில் ஒரு 2.0 கார்டு செருகினால் அது 480 மெகாபிட் ஆகிவிடும், பெரிய நிம்மதிதான். ஆனால் ஒரு பென்டியம் 4 மெஷினை இப்படி அலங்கரித்து இருபத்துநான்கு மணி நேர ஃபைல் சர்வராக ஓடவிடுவதில் அர்த்தமில்லை. உள்ளங்கை அளவு போர்டு ஒன்று சில வாட்டில் செய்யும் வேலைக்கு, இந்த மெஷின் சும்மா இருக்கும்போதே பல மடங்கு மின்சாரம் குடிக்கும்.

சரி, ஸ்லாட்டில் மட்டும் இருக்கும் அந்தக் குணம் என்ன? நேரடித்தன்மை. யுஎஸ்பியில் செருகிய சாதனம் தானாகப் பேச முடியாது. கம்ப்யூட்டர் கேட்கும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஃபுல் ஸ்பீடில் 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை, ஹை ஸ்பீடில் 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை என்று நேரம் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. பிசிஐ கார்டு அப்படியல்ல. பிராசசர் ஒரு முகவரியில் எழுதினால் கார்டின் பின்னில் மின்னழுத்தம் உடனே மாறும், ஏறக்குறைய ஒரு மைக்ரோ விநாடிக்குள். கார்டுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்கென்றே உள்ள இன்டரப்ட் கம்பியை இழுத்துப் பிராசசரை எழுப்பும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

இதற்கு நல்ல சான்று, கம்ப்யூட்டர் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி மெஷின்கள். மரத்தையோ உலோகத்தையோ செதுக்கும் சிறிய மெஷினின் ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒவ்வொரு துடிப்பும் சரியான நேரத்தில் போக வேண்டும். தாமதித்தால் மோட்டார் ஒரு அடியைத் தவறவிடும், செதுக்கிய கோடு கோணிவிடும். லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் இந்தத் துடிப்புகளை, பழைய பிரிண்டர்களை இணைத்த பேரலல் போர்ட் வழியாக, சில பத்து மைக்ரோ விநாடிகளுக்கு ஒரு முறை தானே எழுதி அனுப்பும். அந்த 25 பின் போர்ட்டில் 12 வெளியீடுகளும் 5 உள்ளீடுகளும் கிடைக்கின்றன, மூன்று அச்சுள்ள மெஷினுக்கு இது தாராளம். யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் இங்கே உதவவே உதவாது. பிசிஐ பேரலல் கார்டு உதவும். இரண்டு விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். போர்டிலேயே வரும் பேரலல் போர்ட் ஹெக்ஸ் கணக்கில் 378 என்ற முகவரியில் இருக்கும். பிசிஐ கார்டின் முகவரியை, கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல்தான் ஒதுக்கும், அது வேறு எங்கேயோ இருக்கும். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் பார்த்து அந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதாவிட்டால் மோட்டார் அசையாது. இரண்டாவது, பிற்காலக் கார்டுகளில் சில 3.3 வோல்ட்தான் வெளியே தரும். 5 வோல்ட் எதிர்பார்க்கும் மோட்டார் டிரைவர் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போகலாம்.

இதைவிட ஒரு படி மேலே போகவும் பிசிஐயில் வழி இருக்கிறது. மெஸா நிறுவனத்தின் 5ஐ25 போன்ற எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) கார்டுகள் துடிப்புகளைத் தாங்களே உருவாக்கிக்கொள்கின்றன. மில்லி விநாடிக்கு ஒரு முறை கட்டளை வந்தால் போதும், இடைப்பட்ட நேரத்தைக் கார்டு பார்த்துக்கொள்ளும்.

சீரியல் போர்ட்டிலும் இதே கதைதான். ஜிபிஎஸ் ரிசீவர்கள் பலவற்றில் விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் பின் ஒன்று உண்டு. அந்தத் துடிப்பின் விளிம்பு உலக நேரத்தின் விநாடித் தொடக்கத்தோடு ஒட்டி வரும். அதைச் சீரியல் போர்ட்டின் டிசிடி என்ற சமிக்ஞைக் கம்பியில் இணைத்தால், துடிப்பு வந்த கணமே இன்டரப்ட் எழும், லினக்ஸ் கெர்னல் அந்தக் கணத்தைக் குறித்துக்கொள்ளும். அதை வைத்து, நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி மென்பொருள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சில மைக்ரோ விநாடிகளுக்குள் நிறுத்திவிடும். யுஎஸ்பி வழியாக வந்தால் அந்தக் கணம் ஒரு மில்லி விநாடி வரை அலையும். பிசிஐ சீரியல் கார்டு இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். ரிசீவரின் 3.3 வோல்ட் சமிக்ஞையை சீரியல் போர்ட்டின் ஆர்எஸ்232 மின்னழுத்த அளவுக்கு உயர்த்த மேக்ஸ்232 வகைச் சிப் ஒன்றை இடையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டிவி டியூனர் கார்டு. அனலாக் ஒளிபரப்பு நின்றுபோன ஊர்களில் இதைவிடப் பயனற்ற பொருள் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். கார்டைப் புரட்டிச் சிப்பின் பெயரைப் படித்தால் எண்ணம் மாறிவிடும். கோனெக்ஸன்ட் நிறுவனத்தின் 23880 முதல் 23883 வரையிலான சிப்கள் இருந்தால், அந்தக் கார்டுக்குள் விநாடிக்கு 2.86 கோடி முறை மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்கும் ஒரு சுற்று இருக்கிறது என்று பொருள். டிவிப் படத்துக்காக வைத்த சுற்று அது. சிஎக்ஸ்ஏடிசி என்ற லினக்ஸ் டிரைவர், படமாக்கும் வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அளந்த எண்களை அப்படியே பச்சையாக வெளியே எடுத்துத் தருகிறது.

எதற்கு? பழைய வீடியோ கேசட்டுகளைக் காப்பாற்ற. விசிஆரின் மஞ்சள் நிறச் சாக்கெட்டிலிருந்து வீடியோவைப் பிடிப்பதுதான் வழக்கம். அப்படிப் பிடித்தால் விசிஆருக்குள் இருக்கும் தரக்குறைவான சுற்றுகள் செய்த அத்தனை சேதமும் கூடவே வரும். அதற்குப் பதிலாக, டேப்பை வருடும் ஹெட்டுக்கு அடுத்துள்ள ஆம்ப்ளிஃபயரின் சோதனைப் புள்ளியில் கம்பியை இணைத்து, அங்கே கிடைக்கும் ரேடியோ அலைவரிசைச் சமிக்ஞையை நேரடியாக இந்தக் கார்டுக்குள் விட்டால், காந்த நாடாவில் என்ன பதிந்திருக்கிறதோ அதுவே எண்களாகக் கிடைக்கும். விஎச்எஸ் நாடாவில், பால் (PAL) என்ற டிவி முறைப் படத்தின் ஒளி 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை அலையும் ஒரு எஃப்எம் சமிக்ஞையாகவும், வண்ணம் அதற்குக் கீழே 627 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் பதிந்திருக்கும். கார்டின் அளவீட்டு வேகம் 14 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் என்பதால் இரண்டுமே உள்ளே அடங்கிவிடும். பிறகு விஎச்எஸ் டீகோட் என்ற திறமூல மென்பொருள் அந்த எண்களைக் கணக்குப் போட்டே படமாக்கும். நடுங்கும் கோடுகளைச் சரிசெய்வது, விட்டுப்போன புள்ளிகளைக் கண்டுபிடிப்பது எல்லாம் சுற்றுப்பலகையில் அல்லாமல் மென்பொருளில் நடக்கும். நாளைக்கு மென்பொருள் மேம்பட்டால், அதே கோப்பிலிருந்து இன்னும் நல்ல படம் எடுக்கலாம். நாடா அதற்குள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தாலும் கவலையில்லை.

இங்கே பிசிஐயின் அந்தச் சாதாரண வேகம் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். ஓர் அளவீட்டுக்கு ஒரு பைட், ஆக விநாடிக்கு 28.6 எம்பி. படத்துக்கு ஒரு கார்டும், ஹைஃபை ஒலிக்கு இன்னொரு கார்டும் போட்டாலும் 57 எம்பிதான். பஸ்ஸில் இடம் மிச்சம் இருக்கும். மாட்டிக்கொள்வது டிஸ்க்கில்தான். ஒரு மணி நேரத்துக்கு 103 ஜிபி. பழைய போர்டுகள் பலவற்றின் ஐடிஇ 28 பிட் முகவரியோடு நின்றுவிடும், அதன் எல்லை 137 ஜிபி. இந்த இடத்தில்தான் பிசிஐ சாட்டா கார்டுக்கு உண்மையான வேலை வருகிறது. சிலிக்கான் இமேஜ் 3112, 3114 போன்ற சிப்கள் உள்ள கார்டுகள் 48 பிட் முகவரியைப் புரிந்துகொள்ளும், போர்டின் பயாஸ் எவ்வளவு பழையதானாலும். பிடிக்கும் வேலையைப் பழைய மெஷின் செய்யட்டும், கணக்குப் போடும் வேலையைப் புதிய மெஷினிடம் கொடுத்துவிடலாம்.

கோனெக்ஸன்டுக்கு முந்தைய தலைமுறையான பிடி848, பிடி878 சிப்களில் வேறொரு வசதி. அந்தச் சிப்பில் நம் விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய 24 பின்கள் உள்ளன. டியூனரின் ஆடியோவை மாற்றவும் ரிமோட்டைப் படிக்கவும் வைத்தவை. மற்றவற்றையும் சேர்த்து ரிலேக்களையும் விளக்குகளையும் இயக்கப் பயன்படுத்தலாம். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு டிரைவர் இருக்கிறது. கார்டைக் கைவைத்து மாற்ற வேண்டும் என்று அதன் குறிப்பே எச்சரிக்கிறது. நூலிழை போன்ற கால்களில் கம்பியைப் பற்றவைக்கக் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

பிசிஐயை விட்டு ஐஎஸ்ஏவுக்கு வந்தால் காற்றே வேறு. 1981-இன் ஐபிஎம் பிசியில் 8 பிட்டாகப் பிறந்து, 1984-இன் ஏடி மெஷினில் 16 பிட்டாக வளர்ந்த பஸ் அது. சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். இந்த மந்தமே அதன் வரம். தன் கையாலேயே ஒரு கார்டு செய்து கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்க விரும்புபவருக்கு ஐஎஸ்ஏவைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. முகவரிக் கம்பிகளை ஒப்பிட ஒரு 74எல்எஸ்688, தரவுக் கம்பிகளுக்கு ஒரு 74எல்எஸ்245, வெளியுலகத்துக்கு ஒரு 8255. ஒரு புள்ளிப் பலகையில் அடங்கிவிடும். ஹெக்ஸ் 300 முதல் 31எஃப் வரையிலான முகவரிகளை இப்படிப்பட்ட சோதனைக் கார்டுகளுக்கென்றே ஐபிஎம் ஒதுக்கி வைத்தது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸில், பேசிக் மொழியில் ஒரே ஒரு அவுட் கட்டளை, எல்இடி எரியும். இடையில் டிரைவர் இல்லை, அனுமதி கேட்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. பிராசசர் என்ற பொருள் வெளியுலகத்தைத் தொடுவது எப்படி என்று அந்தக் கணத்தில் புரிவது போல வேறு எங்கும் புரியாது. பிசிஐ கார்டை இப்படிக் கையால் செய்வது கடினம். நேரக் கட்டுப்பாடுகளும் அமைப்புப் பதிவேடுகளும் வந்துவிடும், எஃப்பிஜிஏ இல்லாமல் நகராது.

ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டை நெட்வொர்க்குக்காக அல்லாமல், அதில் உள்ள காலி ரோம் (ROM) சாக்கெட்டுக்காகச் செருகுவதும் உண்டு. மெமரி ராம் அல்ல, நெட்வொர்க் வழியே பூட் செய்யும் நிரந்தர நினைவகச் சிப்புக்கான சாக்கெட். கம்ப்யூட்டர் எழும்போது பயாஸ், 640 கேபிக்கு மேலுள்ள பகுதியை 2 கேபிக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும். 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகள் தென்பட்டு, மொத்தக் கூட்டுத்தொகையும் சரியாக இருந்தால், அங்குள்ள நிரலை ஓட்டும். அந்தச் சாக்கெட்டில் எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற திறமூல நிரலை எழுதிய சிப்பை வைத்தால், 386, 486 மெஷின்களின் பயாஸ் விதித்த 528 எம்பி டிஸ்க் எல்லை உடைந்துவிடும். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஹார்ட் டிஸ்க்காக மாட்டிக்கொள்ளலாம். அந்த 528 எம்பி வந்த கணக்கு எளிது: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட்.

டாஸ் விளையாட்டுகளின் ஒலிக்கும் ஐஎஸ்ஏதான் சரி. அந்த விளையாட்டுகள் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை 220 என்ற முகவரியிலும், பிராசசர் தலையீடின்றித் தரவை நகர்த்தும் 1-ஆம் டிஎம்ஏ வழியிலும் எதிர்பார்த்து நேரடியாக எழுதும். பிசிஐ ஸ்லாட்டில் அந்த டிஎம்ஏ கம்பிகளே கிடையாது. அதனால்தான் பிசிஐ சவுண்ட் கார்டுகள் டாஸில் சாகசம் செய்தும் பாதி ஊமையாக நிற்கின்றன. பழைய கார்டு கிடைக்காதவர்களுக்கு பைகோகஸ் என்ற திறமூலக் கார்டு இருக்கிறது. ராஸ்பெரி பை பைகோவை ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் உட்காரவைத்து, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற பழைய சவுண்ட் கார்டாகவும் சவுண்ட் பிளாஸ்டராகவும் நடிக்க வைக்கிறது.

ஏஜிபி பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது கிராஃபிக்ஸுக்கென்றே பிறந்தது, போர்டுக்கு ஒன்றுதான், கிராஃபிக்ஸ் தவிர வேறு கார்டு அதில் கிடைப்பது அரிது. கடைசிக் காலத்தில் வந்த ரேடியான் எச்டி 4670 வகைக் கார்டு கையில் கிடைத்தால் செருகலாம். எச்.264 வீடியோவை அதுவே அவிழ்ப்பதால் பென்டியம் 4 மூச்சு வாங்காது. ஆனால் மின்னழுத்தத்தில் ஜாக்கிரதை. தொடக்க கால ஏஜிபி 3.3 வோல்ட், பிறகு வந்தது 1.5, கடைசியில் 0.8. பொருந்தாத கார்டு நுழையாதபடி வெட்டுகள் உண்டு, எல்லாத் தயாரிப்பாளர்களும் அந்த வெட்டைச் சரியாகப் போடவில்லை. போர்டு எரிந்தபின் தெரிந்து பயனில்லை, கையேட்டை முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஏஎம்ஆரையும், அதைப் போன்ற சிஎன்ஆரையும் விட்டுவிடலாம். மோடத்தின் மலிவான பாதியை மட்டும் கார்டில் வைத்து, மீதி உழைப்பைப் பிராசசர் தலையில் கட்ட உருவான ஸ்லாட்டுகள் அவை. அவற்றுக்கு நேர்மையான பயன் எதுவும் நான் கண்டதில்லை.

பிசிஐ கார்டுகளிலும் வோல்ட் வெட்டு உண்டு. டெஸ்க்டாப் போர்டுகளின் ஸ்லாட் பெரும்பாலும் 5 வோல்ட் வகை. இரண்டு வெட்டுகள் உள்ள கார்டு எதிலும் போகும். சர்வர்களிலிருந்து கழித்துக் கட்டிய நீளமான பிசிஐ எக்ஸ் (பிசிஐயின் 64 பிட் சர்வர் வடிவம், எக்ஸ்பிரஸ் அல்ல) நெட்வொர்க் கார்டுகள் பலவும் இப்படி இரட்டை வெட்டு உள்ளவை. சாதாரண ஸ்லாட்டில் செருகினால் பின்பாதி அந்தரத்தில் தொங்கும், ஆனாலும் 32 பிட்டாக ஒழுங்காக ஓடும். ஸ்லாட்டுக்குப் பின்னால் கெபாசிட்டர் எதுவும் இடிக்காமல் இருந்தால் போதும். கெபாசிட்டரைப் பார்க்கும்போதே அதன் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த போர்டுகளில் இந்த நோய் அதிகம். உப்பியிருந்தால் எந்தக் கார்டையும் செருகுவதற்கு முன் அவற்றை மாற்றியாக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு புதிய போர்டில் செய்ய முடியாதா? ஓரளவு முடியும். இன்டெல் 2011-இன் 6 வரிசை சிப்செட்டிலிருந்து வீட்டு உபயோக வகைகளில் பிசிஐயைக் கைவிட்டது. அதற்குப் பிறகு வந்த போர்டுகளில் பிசிஐ ஸ்லாட் தெரிந்தால், பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து மாற்றித்தரும் பாலச் சிப் ஒன்று நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். தனியாக அடாப்டராகவும் அது கிடைக்கும். டிவி கார்டு போன்றவை அதில் பெரும்பாலும் ஓடும். ஆனால் இன்டரப்ட் என்பது அங்கே கம்பி அல்ல, ஒரு செய்தி. சில பாலச் சிப்கள் இன்டரப்ட் முடிந்தது என்ற செய்தியை அனுப்பத் தவறும். லினக்ஸ் அந்த இன்டரப்டை யாரும் கவனிக்கவில்லை என்று பதிவு செய்து மொத்தமாக முடக்கிவிடும், கார்டும் அதோடு நின்றுவிடும். நேரம் முக்கியமான சிஎன்சிக்கும் கடிகாரத்துக்கும் இந்த இடைத்தரகர் கூடாது.

உங்கள் போர்டில் இருப்பது எது என்று லினக்ஸில் எல்எஸ்பிசிஐ ஓட்டினால் தெரிந்துவிடும். இன்டெல் 82801 பிசிஐ பிரிட்ஜ் என்றோ, ஏஎம்டியின் எஸ்பிஎக்ஸ்00 பிசிஐ பிரிட்ஜ் என்றோ ஒரு வரி வந்தால் ஸ்லாட் சிப்செட்டிலிருந்தே நேராக வருகிறது. அந்த இடத்தில் வேறொரு சிப் நிறுவனத்தின் பாலம் என்று வந்தால், அந்தப் போர்டை டிவி கார்டுக்கு வைத்துக்கொண்டு, சிஎன்சிக்கு இன்னும் பழைய ஒன்றைத் தேடுங்கள்.